உருளைக்கிழங்கு இலைத் தக்காளி

1

ரங்கூனிலும் கலோவிலும் இருந்துகொண்டு இந்தப் பேப்பரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன். சென்னைப் பட்டணத்துக்கு வடக்கே, திருவொற்றியூரில், ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே, ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். சுற்றி எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள், அப்புறம் என்னடி வெளிநாடு என்று கேட்பீர்கள். ஷான் மலையில் கலோவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்று, ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து கப்பலேறி வந்தவளுக்கு இது எந்த நாடு? தெருவில் என் பெயரே 'பர்மாம்மா'. வந்து இத்தனை வருஷம் ஆகியும் வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வருஷா வருஷம் மாசியில், கப்பலிறங்கிய நாளன்று, நான் மோஹிங்கா செய்வேன். வாழைத்தண்டு போட்ட மீன் சாறு, கூடவே அரிசிச் சேவை. இந்த வருஷம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் ஒரு தக்காளிச் செடியைப் பற்றியது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

என் பெயரைப் போடவில்லை. பெற்ற பிள்ளைகள் படித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கில்லை. மகனுக்கு சினிமா விளம்பரத்துக்கு மேல் எதையும் வாசிக்கப் பொறுமை கிடையாது. மகளுக்கோ, பர்மாவிலிருந்து எது வந்தாலும் அதைத் தொடுவதற்கே வெட்கம்.

2

கலோவில் எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்கு. புருஷன் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆகையால் 'அவர்' என்றே எழுதுகிறேன். உருளைக்கிழங்கு மூட்டையையும் கோஸ் மூட்டையையும் எண்ணி வண்டியில் ஏற்றுவது அவர் வேலை. அவர் எண்ணுவதே ஒரு தினுசு. ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரைக்கும் போவார். பத்து என்று சொல்லமாட்டார், 'கட்டு' என்பார். ஒரு கூழாங்கல்லை எடுத்து ஓரமாக வைப்பார். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம். மூட்டைக்கு மட்டுமில்லை, வீட்டில் வாழைப்பழத்தை எண்ணினாலும் அப்படித்தான்.

"பத்துன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்பேன்.

"பத்துன்னா வாய் தானா பதினொண்ணுக்கு ஓடிரும். கட்டுன்னா நிக்கும். மூட்டைய விட்டுட்டு வாய் மட்டும் ஓடினா எவன் பதில் சொல்றது?" என்பார். பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கிவிட்டிருந்தார்.

அவருடைய இன்னொரு பைத்தியம் தக்காளி. நீங்கள் நினைக்கிற கோலிக்குண்டுத் தக்காளி இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே, மேட்டில், அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்து போட்ட விதை. ஒரு காயைத் தாங்க இரண்டு கையும் வேண்டும். குறுக்கே வெட்டினால் குழியும் நீருமாக ஒழுகாது, முழுக்கச் சதைதான். அந்த அம்மாள் ஊரில் அதற்கு மாட்டிறைச்சித் துண்டின் பெயராம். அதைக் கேட்டு, அப்போது உயிரோடிருந்த என் மாமியார் ஒரு வருஷம் அந்தச் செடிப்பக்கமே போகவில்லை. யுத்தத்துக்கு முன்பே பாதிரியார் குடும்பம் அமெரிக்கா திரும்பிவிட்டது. போகும்போது மூன்று தினுசு விதையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றுக்கும் அவரே பெயர் வைத்தார். சிவப்பாக, தட்டையாக, மடிப்பு மடிப்பாகக் காய்ப்பது 'தலையணை'. ஆரஞ்சு நிறத்தில் உருண்டு வருவது 'மஞ்சள் மொட்டை'. மூன்றாவதுதான் ராணி. வெளிர் ரோஜா நிறம், நகம் பட்டால் கிழிகிற தோல், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள். பாதிரியாரின் மனைவி நினைவாக அதற்கு 'மேம்சாப்' என்று பெயர். மற்றத் தக்காளிக்கெல்லாம் இலையின் ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். மேம்சாப்பின் இலையில் வெட்டே இருக்காது, உருளைக்கிழங்குச் செடியின் இலையேதான். நாற்று மூன்று விரல் உயரம் வந்ததுமே கண்டுபிடித்துவிடலாம்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் குறித்து, மூன்றிலும் முதல் தரமான பழத்தைப் பறித்து, ஒரே பலகையில் வைத்து நறுக்குவார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு துண்டாக ஊட்டுவார். "எது உசத்தி, சொல்லு." நான் மஞ்சள் மொட்டை கட்சி, அவர் மேம்சாப் கட்சி. நான் எதைச் சொன்னாலும் "உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்பார். அப்புறம் மேம்சாப்பில் மிகப் பெரிய காயை விதைக்கு வைப்பார். அது சாப்பாட்டுக்கு வராது, மகாராஜாவே வந்து கேட்டாலும் வராது.

மேம்சாப்பின் பூ வாய் பிளந்த பூ. பக்கத்துச் செடியின் மகரந்தம் சுலபமாக ஒட்டிவிடும், ஒட்டினால் சாதி கெட்டுப்போகும் என்று பூங்கொத்துக்கு மல் துணியில் பை தைத்துக் கட்டுவார். தைத்தது நான்தான். செடிக்கு ரவிக்கை தைக்கிற ஒரே பெண்டாட்டி நான் என்று திட்டிக்கொண்டே தைத்தேன். அக்கம்பக்கத்தில் யார் விதை கேட்டாலும் கொடுக்கமாட்டார். விதை விஷயத்தில் அப்படியொரு கஞ்சன்.

குண்டு விழ ஆரம்பித்ததும் என்னையும் பிள்ளைகளையும் என் அண்ணனோடு ரங்கூனுக்கு அனுப்பினார். ரயில்வேக்காரர்களுக்கு லீவு கிடையாது, கடைசி வண்டி வரைக்கும் நிற்க வேண்டும் என்று உத்தரவு. கலோ ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக மூன்று துணி முடிச்சுகளை என் மடியில் போட்டார். "மூணு நாலு வருஷத்துக்கு மேல விதை தாங்காது. விடாம வருஷா வருஷம் போடு. நான் வந்துர்றேன்." பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. தக்காளியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதுதான் அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு.

3

திருவொற்றியூர் மண் மணல். கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். கிழக்கிலிருந்து உப்புக்காற்று, மேற்கிலிருந்து ரயில் கரி. இதில் போய் அமெரிக்கத் தக்காளி. மண்ணெண்ணெய் டின்களில் செம்மண்ணும் சாணமும் நிரப்பி, ஐப்பசியில் விதை போட்டேன். செடி வளரும், பூக்கும். ஆனால் இந்தத் தக்காளிக்கு இரவு குளிர வேண்டும். குளிராவிட்டால் பூக்காம்பின் முட்டி மஞ்சளாகி, காலையில் பார்த்தால் பூவெல்லாம் தரையில் கிடக்கும். மார்கழியிலும் தையிலும் கொஞ்சநாள் குளிர் தட்டும்போது நாலு பூ தங்கினால் உண்டு.

மஞ்சள் மொட்டை இரண்டாம் வருஷமே போய்விட்டது. தலையணை கொஞ்சகாலம் கோணல்மாணலாகக் காய்த்தது, அடிப்பக்கம் கறுத்து அழுகும், அதுவும் ஒரு பெருமழையில் அழிந்தது. மேம்சாப் மட்டும் நின்றது. நின்றது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். பெரிய பழம் ஒன்று வந்தால் விதைக்கு வைக்க மனம் வருமா? தெருவில் யாராவது கேட்பார்கள், விற்றுவிடுவேன். இல்லை, பிள்ளைகள் வாயில் போடுவேன். விண்டுபோனது, சூம்பிப்போனது, யாரும் வாங்காதது, அதிலிருந்துதான் விதை எடுத்தேன். விதைதானே, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். பூவுக்குப் பை கட்டுகிற கூத்தையும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அஞ்சலை மீன் கழுவின தண்ணீரையும் தக்காளித் தோலையும் எங்கள் வேலி ஓரம்தான் கொட்டுவாள். அங்கே நாட்டுத் தக்காளி தானாக முளைத்து, பூத்து, மேம்சாப்போடு உறவாடிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன வருஷத்துக் காயோடு இந்த வருஷத்துக் காயை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. அப்படியே வருஷங்கள் ஓடின. இலையில் வெட்டு விழுந்தது, கடல்காற்று என்று சொல்லிக்கொண்டேன். ரோஜா நிறம் சிவப்பானது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் எலுமிச்சம்பழ அளவுக்கு, புளிப்பாக, கொத்துக் கொத்தாகக் காய்க்க ஆரம்பித்தது. பிள்ளைகளிடம், "இது உங்கப்பா தக்காளி" என்று சொல்லித்தான் ஒவ்வொரு வருஷமும் பறித்தேன்.

அஞ்சலை மட்டும் கேட்டாள். "இன்னா பர்மாம்மா, ஆனத் தலையாட்டம் காய்க்கும்னு சொல்லிகினு இருந்த. இத்தான் எங்க வூட்டாண்ட குப்பைலயே காய்ச்சுகினு கீதே."

"உன் குப்பையால்தாண்டி இது இப்படி ஆச்சு" என்று சண்டை போட்டேன். அவள் சிரித்தாள். நல்லவள். நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அவள்தான் கஞ்சி ஊற்றினாள்.

4

அவரைப் பற்றித் தகவல் கேட்டு நான் ஏறாத ஆபீஸ் கிடையாது. ஓர் ஆபீஸில், "காட்டு வழியா நடந்து வந்தவங்க எல்லாம் வந்து சேர்ந்தாச்சும்மா, வராதவங்க வழியிலயே..." என்று முடிக்காமல் தலையைச் சொறிந்தார்கள். இன்னோர் ஆபீஸில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இருக்கிறவருக்குன்னா ஒரு ஃபாரம் இருக்கு. இறந்தவருக்குன்னா ஒரு ஃபாரம் இருக்கு. நீங்க ரெண்டுக்கும் நடுவுல நின்னா நாங்க எதைக் கொடுக்கிறது?" ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராக எழுதிக்கொள்ளச் சட்டமே இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான் போடவில்லை. திரும்பக் கலோவுக்கே போய்த் தேடுகிறேன் என்று மனுப் போட்டேன். நான் பர்மாவில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி கலோவில் இருக்கிறது.

பேச்சிலும் அவமானம்தான். ரேஷன் கடையில் அரிசிப்படியை எண்ணும்போது என்னையறியாமல், "தித், நித், தோன்" என்று பர்மாக்காரர் கணக்கில் எண்ணிவிடுவேன். "இன்னாம்மா, மந்திரம் ஓதுறியா?" என்று கடைக்காரன் கேட்பான், வரிசையே சிரிக்கும். கூட வந்த மகள் பத்தடி தள்ளிப்போய், யாரோ போல நிற்பாள்.

மகள் பெயர் கனகா. கலோவில் பக்கத்து வீட்டு ஷான் பெண்கள் அவளை 'மா லா' என்று கொஞ்சுவார்கள், அழகி என்று அர்த்தம். ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். "அப்டி கூப்டாதம்மா, அக்கம்பக்கம் சிரிக்குது" என்று வெடுக்கென்று சொன்னாள். மகன் செல்வம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. சங்கு ஊதினால் ஓடுவான், சங்கு ஊதினால் வருவான், மிச்ச நேரமெல்லாம் தோஸ்துகளோடுதான். அப்பா முகம் ஞாபகம் இருக்கிறதா என்று ஒருதரம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "தொப்பி ஞாபகம் கீது" என்றான்.

இப்படி இருக்கும்போது கனகாவுக்கு ஒரு வரன் வந்தது. ராயபுரத்தில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் குடும்பம், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள். பையன் தங்கமான பையன். கனகாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது பையனின் தகப்பனார் வாசலில் நின்றார்.

"ஒண்ணுதாம்மா. பத்திரிகை அடிக்கணும்ல. பொண்ணோட தகப்பனார் பேருக்கு முன்னால என்ன போடட்டும்? இருக்காருன்னா, எங்கன்னு எங்க ஆளுக கேப்பாங்க. பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுப் போனவர் வீட்டுலயா பொண்ணு எடுக்குறீகன்னு பேசுவாங்க. இல்லைன்னா காலஞ்சென்றன்னு போட்டுறலாம், ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

பையனின் தகப்பனார் பேரில் தப்பில்லை. அன்றைக்கு சாயந்திரமே மகன் பிடித்துக்கொண்டான். "எத்தினி வருசம்மா இப்டியே இருப்ப? கீறாரா இல்லியா, ஒரு வார்த்த சொல்லேன். அவ கல்யாணம் அதாண்ட நின்னுகினு கீது."

"செத்தார்னு யாராவது பார்த்தாங்களாடா?" என்று கத்தினேன்.

"உசிரோட கீறார்னு யார்னா பாத்தாங்களா?" என்றான்.

5

இது நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால், புரட்டாசியில், கனி பாய் வந்திருந்தார். கலோவில் எங்களுக்குப் பழக்கமான ஜவுளி வியாபாரி. யுத்தம் முடிந்த பிறகு மறுபடி அங்கே கடை போட்டு, வருஷம் ஒருதரம் மண்ணடியில் இருக்கும் தம்பி கடைக்கு வந்து போவார். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் கேட்காத தரமில்லை, கண்டவர் யாருமில்லை என்பார். வைக்கோல் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, என்ன கொண்டாந்திருக்கேன் பாரு. நீ தக்காளிப் பைத்தியமாச்சேன்னு, அஞ்சு நாளைக்கு ஒருக்கா கூடுமே, அந்த அஞ்சு நாள் சந்தையில வாங்கினேன். கப்பல்லயே பழுத்துப்போச்சு."

பிரித்தேன். ரோஜா நிறம். இரண்டு கையும் நிறைந்தது. வெடித்து, ஒரு பக்கம் கசிந்திருந்தது. காம்பைச் சுற்றி இன்னும் பச்சைத் தோள். எங்கள் தோட்டம் அழியவில்லை, யாரோ புண்ணியவதி எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"யார்கிட்ட வாங்கினீங்க, பாய்?"

"ஒரு ஷான் பொம்பள, தூரத்து மலைக் கிராமத்துலேர்ந்து சந்தைக்கு வர்றவ. பக்கத்துல அவ மக, ஏழெட்டு வயசிருக்கும். ஒரு வேடிக்கை கேளு தங்கச்சி, அந்தப் பொண்ணு தமிழ்ல எண்ணுது! ஒண்ணு, ரெண்டுன்னு. நம்மாளுக கூடப் பழகிப் பழகிச் சந்தையே தமிழ் படிச்சிருச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். கனகாவைக் கூப்பிட்டு, "பார், உங்கப்பா தக்காளி!" என்று காட்டினேன். அவள் அழுகல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

விதையை வழித்து, கிண்ணத்தில் நுரை கட்டும்வரை புளிக்கவைத்து, அலசி, வாழையிலையில் உலர்த்தி, ஐப்பசியில் போட்டேன். இந்தத் தரம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு டின்னில் கலோ விதை, பக்கத்து டின்னில் திருவொற்றியூர் விதை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்த்துவிடுவது என்று ஆசை.

6

நாற்று மூன்று விரல் உயரம் வந்தது. திருவொற்றியூர் நாற்றின் இலையெல்லாம் வெட்டு வெட்டாக இருந்தது. கலோ நாற்றில் ஒரு வெட்டு இல்லை. ஒன்றில்கூட இல்லை. அத்தனையும் உருளைக்கிழங்கு இலை.

முதலில் கைதட்டினேன். அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதாண்டி நிஜம்! இத்தனை வருஷம் நான் வளர்த்தது உன் குப்பைத் தக்காளி!" என்றேன். அவள் குனிந்து பார்த்து, "அட, ஆமா! கெயங்கு எலையாட்டம் கீது" என்றாள். அப்புறம் சும்மா பேச்சுவாக்கில், "அங்க மட்டும் எப்டி கெடாம கீது? அங்க குப்ப கொட்ட ஒரு அஞ்சல இல்லியா?" என்றாள்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கலோவில் ஒவ்வொரு வீட்டிலும் தக்காளி உண்டு. கேட்பாரற்றுக் கிடந்த செடி இத்தனை வருஷம் அந்த இலையோடு நிற்குமா? என் செடி நாலைந்து வருஷத்திலேயே சாதி கெட்டதே. அங்கே யாரோ ஒவ்வொரு வருஷமும் பூவுக்குத் துணிப்பை கட்டியிருக்கிறார்கள். யாரோ மிகப் பெரிய காயை விற்காமல், தின்னாமல், விதைக்கு வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தவர் அந்த மலையில் இரண்டே பேர். ஒருத்தி இங்கே திருவொற்றியூரில் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இல்லை, ஷான் பெண்கள் கெட்டிக்காரிகள், பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பாள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தைக்க உட்கார்ந்தால் கை ரவிக்கையை வலது இடது மாற்றித் தைத்தது. கடைசியில் டிராம் ஏறி மண்ணடிக்குப் போனேன். கனி பாய் கப்பல் கிளம்பக் காத்திருந்தார்.

"பாய், அந்தக் குழந்தை எண்ணிச்சுன்னீங்களே. எப்படி எண்ணிச்சு?"

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

"சொல்லுங்க பாய். அது எண்ணின மாதிரியே சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே விரலை மடக்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... எட்டு, ஒம்போது... ஆங், பத்து அதுக்கு வரலை. என்னமோ சொல்லிச்சே. கட்டு! கட்டுன்னுது. ஒரு கல்லை எடுத்து ஓரமா வச்சுது. மறுபடியும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சுது."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. கலோ கூட்ஸ் ஷெட்டில் அவருடைய ஜவுளி மூட்டைகளும் இறங்கியிருக்கின்றன. அந்த எண்ணிக்கையை அவரும் எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று கேட்டவர். சந்தையில் வேடிக்கையாக இருந்தது, என் முன்னால் திருப்பிச் சொன்னபோதுதான் அவருக்கும் உறைத்தது.

"தங்கச்சி..." என்றார். மடக்கின விரல்களைப் பிரித்துக்கொண்டார். பிறகு, "நான் அவரைப் பார்க்கலை. அல்லா மேல ஆணை. பார்த்திருந்தா சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். இப்பப் போனதும் விசாரிக்கிறேன்" என்றார்.

"வேண்டாம் பாய்" என்றேன். "விசாரிச்சா பதில் வரும்."

திரும்பும்போது டிராமில் ஏறவில்லை. ராயபுரம் வழியாக, கடலோரமாகவே நடந்தேன். வழியில் இறந்திருப்பாரோ, காட்டில் காய்ச்சலில் கிடந்திருப்பாரோ, தண்ணீர் கேட்டிருப்பாரோ என்று எத்தனை வருஷம் அழுதேன்! மனுஷன் சௌக்கியமாக உட்கார்ந்து பூவுக்குப் பை கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பையை யார் தைத்துக் கொடுத்தாளோ. ஒரு காகிதத்துண்டு போடக் கூடாதா? கலோவிலிருந்து வந்து கப்பலேறுகிற ஒருத்தனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா? செத்துப்போனேன் என்றாவது சொல்லியனுப்பக் கூடாதா பாவி?

7

மார்கழியில் கலோ செடி பூத்தது. வாய் பிளந்த பெரிய பூ. நான் பை கட்டவில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றினேன். பிடுங்கி எறியவும் கை வரவில்லை, கவனிக்கவும் மனம் வரவில்லை. பூவெல்லாம் உதிர்ந்தது. தையில் வந்த குளிரில் ஒரே ஒரு பூ தங்கியது. பிஞ்சாகி, காயாகி, என்னை வதைக்கிற மாதிரி நிதானமாகப் பெருத்து, மாசியில் பழுத்தது. கப்பலிறங்கிய நாள் வந்தது. மோஹிங்காவுக்கு நான் வாழைத்தண்டு வாங்கவில்லை.

பையனின் தகப்பனார் ஆள் அனுப்பியிருந்தார். அச்சுக்குக் கொடுக்க வேண்டும், என்ன முடிவு என்று.

அன்று பழத்தைப் பறித்தேன். கலோ பழம் ஒன்று, எங்கள் திருவொற்றியூர்ப் பழம் ஒன்று. பலகையில் வைத்துக் குறுக்கே நறுக்கினேன். இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொன்னேன். "இன்னாம்மா வெளயாட்டு" என்று செல்வம் முனகினான், ஆனாலும் மூடிக்கொண்டான். ஒவ்வொரு துண்டாக ஊட்டினேன். அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கனகாவின் கல்யாணம் அன்றோடு நின்றுவிடும். அதைவிட, தகப்பன் தங்களை வேண்டாமென்று இருந்துவிட்டான் என்பதை அந்த இரண்டும் ஆயுசு முழுக்கச் சுமக்கும். நான் ஒருத்தி சுமந்தால் போதாதா?

"எது உசத்தி? சொல்லுங்க."

செல்வம் நாக்கைச் சப்புக் கொட்டினான். "மொதல்ல குடுத்தது சப்புனு கீது, சும்மா மாவு. ரெண்டாவதுதாம்மா ஜோரு. நம்ம தக்காளியா அது?"

"ஆமா, நம்ம தக்காளி" என்றாள் கனகாவும், கண்ணைத் திறக்காமலே. "நல்லா புளிப்பா இருக்குல்ல. மீன் கொழம்புக்கு அதான் நல்லா இருக்கும்."

முதலில் கொடுத்தது கலோ பழம். மிச்சத்தை நான் தின்றேன். உப்புக்கூடத் தொடாமல், விதையோடு, ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு ராயபுரத்தில் அச்சாபீஸுக்குப் போனேன். அச்சுக் கோக்கிறவர் மை படிந்த விரலோடு கேட்டார்.

"பொண்ணோட நைனா பேர் இன்னாம்மா?"

செல்வம் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சண்முகவேல்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அதுவரை என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பக்கத்து மிஷினில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"முன்னாடி காலஞ்சென்ற போடணுமா?"

"போடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நெற்றிப் பொட்டை நானே கழுவினேன். அஞ்சலை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டாள். "இன்னா பர்மாம்மா இது? சேதி எதுனா வந்துச்சா?" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்தது என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். தெருப்பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கண்ணால் பார்க்காத மனுஷனுக்காக, அவர் நல்ல குணத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். அதில் நடிப்பு எதுவுமில்லை. பர்மாம்மா என்று தள்ளி வைத்திருந்த தெரு அன்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டது. அதற்குக்கூட அவர் சாக வேண்டியிருந்தது.

பங்குனியில் கல்யாணம். கனகா கழுத்தில் தாலி ஏறும்போது நான் மணவறைப் பக்கம் போகக் கூடாது. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள்வேன். என் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். புருஷன் உயிரோடு இருக்க, பெற்ற மகளின் கல்யாணத்தில் வெள்ளைப் புடவையோடு தூணுக்குப் பின்னால் நிற்கப் போகிறவள் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

கலோவில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரைத் தேடிப்போய் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் இங்கே காலமாகிவிட்டார். பத்திரிகையே அடித்தாயிற்று. ஆனால் அஞ்சு நாள் சந்தைக்குப் போனால் அந்தக் குழந்தையிடம் தக்காளி வாங்குங்கள். அது ஒரு பாவமும் அறியாதது. அது எண்ணும்போது நின்று கேளுங்கள். ஒன்பதுக்கு அப்புறம் பத்து என்று ஒன்று இருக்கிறது, அதற்கப்புறம் பதினொன்று இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுங்கள். அவர் சொல்லிக்கொடுக்கமாட்டார். என் மகனும் 'கட்டு' என்று சொல்லிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். கப்பலில் வைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.